அடுத்தவர் புகைக்கு நம் மரம் ஈடாகுமா?

கேள்வி: "எங்களுக்கு 3 ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. மானாவாரியில் உளுந்து, கம்பு, மிளகாய் போடுகிறோம். போன மாதம் ஒரு நிறுவனத்தின் முகவர் வந்தார். நிலம் முழுக்க மரக்கன்று நட்டால் நடவுச் செலவை அவர்களே ஏற்பார்களாம். ஏக்கருக்கு 5,000 ரூபாய் முன்பணம். பிறகு கார்பன் விற்ற பணத்தில் பங்கு. ஆனால், 40 வருடத்துக்கு மரத்தை வெட்டக் கூடாது. பருவநிலை மாற்றத்தை மரம் நட்டே சரிசெய்துவிடலாம் என்கிறார். 'மரம் வைப்பது புண்ணியம்தானே, கையெழுத்துப் போடு' என்கிறார் அப்பா. 'போடாதே' என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?"

- விளாத்திகுளம் பகுதி வாசகர், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: மரம் வைப்பது நல்லது என்ற வகையில் அப்பா சொல்வது சரி. இந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே என்ற வகையில் தம்பி சொல்வது சரி. முகவர் சொன்னதுதான் சரியில்லை. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கார்பனைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. இதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு சேர்க்கும் என்பதுதான் கேள்வி. நல்ல மண்ணும் மழையும் உள்ள இடத்தில், ஓர் எக்டேர் தோப்பு ஆண்டுக்குச் சுமார் 10 டன் கரியமில வாயுவை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கரிசல் மானாவாரியில் இதில் பாதி கிடைத்தாலே பெரிது.

மறுபக்கம், நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். 500 மெகாவாட் உலை ஒன்று ஒரு நாள் முழுக்க ஓடினால் 1.2 கோடி யூனிட். அதாவது ஒரே நாளில் 12,000 டன் புகை. ஆண்டில் பத்தில் ஏழு பங்கு நேரம் ஓடினாலும் 30 லட்சம் டன். இந்த ஓர் உலையின் புகையை மட்டும் மரத்தால் ஈடுகட்ட, எக்டேருக்கு 10 டன் கணக்கில் 3 லட்சம் எக்டேர் தோப்பு வேண்டும். இந்தியாவில் நிலக்கரி மின்நிலையங்களின் மொத்தத் திறன் 2 லட்சம் மெகாவாட்டுக்கு மேல். அதாவது, இதுபோல 400 உலைகள். அத்தனைக்கும் சேர்த்தால் 12 கோடி எக்டேர் தோப்பு தேவைப்படும். நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பே சுமார் 14 கோடி எக்டேர்தான். அவ்வளவிலும் மரம் வைத்துவிட்டால், சோறு எங்கே விளையும்?

அதோடு கணக்கு முடியவில்லை. தோப்பு வளரும் வரைதான் கார்பன் சேரும். முப்பது, நாற்பது ஆண்டுகளில் வளர்ச்சி மந்தமாகி, சேர்வதும் குறைந்துவிடும். உலையோ ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மறுபடியும் புதிதாக நிலம் தேட வேண்டும்.

குதிரில் எவ்வளவு கொள்ளும்?

இதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. வீட்டுக் குதிரிலிருந்து அள்ளிய நெல்லை, அடுத்த அறுவடையில் அதே குதிரில் திரும்பக் கொட்டலாம். அதற்கு இடம் இருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் நிறைய வந்து இறங்கிய மூட்டைகளையும் அதே குதிரில் கொட்ட வேண்டும் என்றால் முடியுமா?

காடு, புல்வெளி, சதுப்பு, விளைநிலம் எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் குதிர். 1850-க்குப் பிறகு மனிதர்கள் காற்றில் கலந்த கார்பனில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காடுகளை அழித்ததாலும் நிலத்தைத் திருத்தியதாலும் வந்தது. மீதி மூன்றில் இரண்டு பங்கு, பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரித்ததால் வந்தது. அழித்த காட்டையெல்லாம் ஓர் அங்குலம் விடாமல் மீட்டாலும், நிலம் இழந்த பங்கைத்தான் நிலம் திரும்ப வாங்கும். அதற்கும் வழியில்லை. அழித்த காட்டில் பெரும்பகுதி இன்று 800 கோடிப் பேருக்குச் சோறு போடும் வயல்.

சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர ஆய்வாளர்கள் 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உலகில் கூடுதலாக 90 கோடி எக்டேரில் மரங்கள் வளர இடமிருக்கிறது, அவை 20,500 கோடி டன் கார்பனைச் சேர்க்கும் என்றது அது. பல நாட்டு விஞ்ஞானிகள் அதை மறுத்தார்கள். இயற்கையிலேயே மரம் குறைவாக இருக்க வேண்டிய புல்வெளிகளையும் அந்தக் கணக்கு சேர்த்துக்கொண்டது, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கார்பனைச் சரியாகக் கழிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். பிறகு ஆய்வாளர்களே திருத்தம் வெளியிட்டு, புகையைக் குறைப்பதற்கு மரம் மாற்று அல்ல என்று தெளிவுபடுத்தினார்கள். ஐ.நா-வின் பருவநிலை மாற்ற ஆய்வுக்குழு 2022 அறிக்கையில் சொன்னதும் இதுதான். நிலமும் காடும் பெரிய அளவில் உதவும். ஆனால், மற்ற துறைகள் செய்யும் தாமதத்தை அவற்றால் முழுமையாக ஈடுசெய்ய முடியாது.

நம் நாட்டுக் கணக்கும் இதையே காட்டுகிறது. 2030-க்குள் காடுகள், மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைச் சேர்ப்பதாக இந்தியா 2015-ல் உலகுக்கு உறுதி கொடுத்தது. இன்று நாம் எரிபொருளால் வெளியேற்றுவது ஆண்டுக்கே சுமார் 300 கோடி டன். பதினைந்து வருட மரம், ஒரு வருடப் புகைக்குத்தான் காணும்.

ஒரே இரவில் சாய்ந்த கணக்கு

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் இருபது, முப்பது வருடத் தென்னைகள் விடிவதற்குள் வேரோடு சாய்ந்தன. அந்தத் தென்னைகள் மீது யாரோ ஒரு நிறுவனம் 40 வருடக் கார்பன் கணக்கு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிறுவனம் எரித்த நிலக்கரியின் புகை காற்றிலேயே இருக்கும். அதற்கு ஈடாகக் காட்டிய மரம் மட்கியோ, அடுப்பில் எரிந்தோ, அதுவும் புகையாகியிருக்கும்.

புயல், வறட்சி, தீ, பூச்சி எல்லாம் மரத்தில் சேர்ந்த கார்பனை ஒரே நாளில் திறந்துவிடும். பருவநிலை மாற மாற இவை அதிகமாகும். ஆஸ்திரேலியாவில் 2019-20 காட்டுத்தீயில், அந்த நாடு ஓர் ஆண்டில் எரிபொருளால் வெளியேற்றுவதைவிட அதிகக் கரியமில வாயு சில மாதங்களில் வெளியேறியது. நோயைத் தீர்க்க வந்த மருந்தையே நோய் தின்றுவிடும் நிலை இது.

எங்கு எது இருக்க வேண்டும்?

மீட்டெடுப்பு என்றால், எங்கும் மரம் நடுவது என்று பொருள் இல்லை. நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் 19-ம் நூற்றாண்டு முதல் சீகை, தைலம் போன்ற அந்நிய மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடும் புல்வெளிகளில் பெரும்பகுதி போனது. இன்று அதே மரங்களை அகற்றும் வேலை நடக்கிறது. வறண்ட பூமிக்குப் பசுமையும் விறகும் தரும் என்று கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் கண்மாயையும் மேய்ச்சல் நிலத்தையும் என்ன செய்தது என்பதை விளாத்திகுளம் பக்கத்து விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசகரின் 3 ஏக்கர் தரிசு அல்ல. உளுந்தும் கம்பும் தருகிறது. அறுவடை முடிந்ததும் அங்கே ஆட்டுக்கிடை போட முடிகிறது. முழுக்க மரம் வைத்து வேலி கட்டினால் இந்த இரண்டும் போகும். பதிலுக்கு என்ன வரும்? 3 ஏக்கர் என்பது 1.2 எக்டேர். ஆண்டுக்கு எக்டேருக்கு 5 டன் என்றால், மொத்தம் 6 டன். டன் 500 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 3,000 ரூபாய். அளவீட்டுச் செலவு, சான்றிதழ்ச் செலவு, நிறுவனத்தின் பங்கு எல்லாம் போக மிஞ்சுவதுதான் விவசாயிக்கு. ஒரு மூட்டை உளுந்தின் விலையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கார்பன் திட்டங்கள் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது. விவசாயத்தில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கான வழிகாட்டுதலை மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டிருக்கிறது. ஆனாலும், எந்தத் தாளாக இருந்தாலும் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

* புயலிலோ தீயிலோ மரம் போனால் நஷ்டம் யாருக்கு? வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?
* இடையில் நிலத்தை விற்க, பாகம் பிரிக்க, அடமானம் வைக்கத் தடை உண்டா?
* பணம் கன்றுக்கா, டன்னுக்கா? அளப்பது யார்? அளப்பதற்கான செலவு யாருடையது?
* கார்பன் விற்ற விலையை விவசாயிக்குக் காட்டுவார்களா? பங்கு எத்தனை சதவிகிதம்?
* நிறுவனம் மூடப்பட்டால் ஒப்பந்தம் என்ன ஆகும்?
* வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம்?

ஒப்பந்தம் தமிழில் வேண்டும். ஒரு நகலை வாங்கி வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். 40 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து அப்பாவுடையதோ மகனுடையதோ, கட்டுப்படப்போவது பேரப்பிள்ளையும்தான். கடிதத்தில் உள்ள நிபந்தனைகளின்படி பார்த்தால், இதில் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது. அப்பாவின் ஆசைக்கு வரப்பில் வேம்பும் மஞ்சணத்தியும், ஓடைக்கரையில் பனையும் வைக்கலாம். நிழலும் தழையும் நுங்கும் வீட்டுக்கே. வெட்டுவதும் விடுவதும் வீட்டார் விருப்பம்.

*

கேள்வி: "எங்கள் பகுதியில் அலையாத்தி நடும் வேலை நடக்கிறது. காடு வளர்ந்துவிட்டால், வயலுக்குக் கடல்நீர் ஏறுவது நின்றுவிடுமா?"

- முத்துப்பேட்டை பகுதி வாசகர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: அலையாத்திக் காடு அலையின் வேகத்தை உடைக்கும். கரையின் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இறாலுக்கும் மீனுக்கும் நாற்றங்கால் அது. 2004 சுனாமியின்போது பிச்சாவரத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததைப் பலரும் கண்கூடாகப் பார்த்தார்கள்.

சரியாகச் செய்தால் மீட்க முடியும் என்பதற்கும் பிச்சாவரமும் முத்துப்பேட்டையுமே சாட்சி. முற்காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் மண் அமிழ்ந்து, தாம்பாளம்போலக் குழியானது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியில்லாமல் காய்ந்து, உப்பு ஏறி, கன்று பிழைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. ஓதநீர் தினமும் வந்துபோக வழி கிடைத்ததும் காடு திரும்பியது. கன்று நடுவதற்கு முன் நீரோட்டத்தைச் சரிசெய்ததுதான் அந்த வெற்றிக்குக் காரணம்.

ஆனால், வயலில் உப்பு ஏறுவதற்குக் காரணங்கள் வேறு. ஆற்றில் நன்னீர் வரத்துக் குறையும்போது, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் மேலேறுகிறது. ஆழ்குழாயில் அளவுக்கு மேல் இறைத்தால், நிலத்தடியிலும் உப்புநீர் நகர்ந்து வருகிறது. இந்த இரண்டையும் காடு தடுக்காது. கடைமடை இயக்கு அணைகளைப் பழுதில்லாமல் வைப்பது, வடிகாலைத் தூர்வாருவது, கடைமடை வரை ஆற்றுநீர் வரவைப்பது, இறைப்பைக் குறைப்பது ஆகியவைதான் வழி.

காட்டுக்கும் அதே ஆற்றுநீர்தான் உயிர். பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் வேண்டும். காவிரியின் வண்டலில் பெரும்பகுதி மேலே அணைகளில் தங்கிவிடுகிறது. கடல் மட்டமோ உலக சராசரியில் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ உயர்ந்தது. உயரும் வேகமும் கூடி, இந்த நூற்றாண்டில் ஆண்டுக்கு 4 மி.மீ-ஐ நெருங்கிவிட்டது. வண்டலைப் பிடித்துத் தானும் மேலேறும் குணம் அலையாத்திக் காட்டுக்கு உண்டு. ஆனால், ஆண்டுக்கு 6 மி.மீ-க்கு மேல் கடல் உயர்ந்தால், அதனால் ஈடுகொடுக்க முடியாது என்கிறது 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. கடல் உயர்வதை நிறுத்த வேண்டுமானால், புகையை நிறுத்த வேண்டும். புகையை நிறுத்தாவிட்டால், நட்ட காடும் நிற்காது.

தமிழ்நாட்டில் அலையாத்திக் காடு சுமார் 45 சதுர கி.மீ. அதாவது 4,500 எக்டேர். இதை இரண்டு மடங்காக்கி, எக்டேருக்குத் தாராளமாக 20 டன் என்று கணக்கு வைத்தாலும், கூடுதலாகச் சேர்வது ஆண்டுக்கு 90,000 டன். மேலே சொன்ன 500 மெகாவாட் உலைக்கு அது எட்டு நாள் புகைகூட இல்லை. ஆகவே, அலையாத்தியைக் கார்பனுக்காக நட வேண்டாம். புயலுக்கும் இறாலுக்கும் கரைக்குமாக நட வேண்டும். அதற்கு அது முழுத் தகுதி உள்ளது.

*

கேள்வி: "என் மண்வள அட்டையில் அங்ககக் கார்பன் 0.4 சதவிகிதம் என்று வந்திருக்கிறது. எல்லா விவசாயிகளும் இதை உயர்த்தினால், பருவநிலை மாற்றமே நின்றுவிடும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா?"

- மணப்பாறை பகுதி வாசகர், திருச்சி மாவட்டம்.

பதில்: உயர்த்த வேண்டும் என்பது உண்மை. 0.5-க்குக் கீழே இருந்தால் குறைவு என்றுதான் அட்டையும் சொல்லும். ஆனால், 'நின்றுவிடும்' என்பது மிகை.

ஓர் ஏக்கரில் மேல்மண் அரையடிக்குச் சுமார் 900 டன் எடை இருக்கும். 0.4 சதவிகிதத்தை 0.5 ஆக்கினால், கூடுதலாகச் சேர்வது 0.9 டன் கார்பன். கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் 3.3 டன். ஒரு லிட்டர் டீசல் எரித்தால் 2.7 கிலோ வெளியேறும். ஆக, பல வருடம் பாடுபட்டு ஓர் ஏக்கரில் சேர்த்தது, சுமார் 1,200 லிட்டர் டீசலின் புகைக்குச் சமம்.

நம் வெயிலில் மட்கு வேகமாகக் கரையும். அதனால், ஓரளவுக்கு மேல் சதவிகிதம் ஏறாது. இடையில் இரண்டு வருடம் தழையும் தொழுவுரமும் போடாமல் உழுதுகொண்டே இருந்தால், ஏறியதும் இறங்கும். இன்னொரு விஷயம், மண்ணில் கார்பன் நிற்க தழைச்சத்தும் கூடவே வேண்டும். 0.9 டன் கார்பன் மட்காக நிலைக்க, ஏறத்தாழ 80 கிலோ தழைச்சத்து அதோடு பிணைய வேண்டும். அதை யூரியாவாகக் கொட்டினால், யூரியா ஆலையிலும் வயலிலும் வேறு வாயு வெளியேறும். அடுத்த ஊரிலிருந்து பத்து வண்டிக் குப்பை வாங்கிப் போட்டால், அந்த ஊர் மண்ணுக்குப் போக வேண்டியது இங்கே வருகிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் எதற்கு உயர்த்த வேண்டும்? மண் தண்ணீரைப் பிடிக்கும். ஒரு மழை தவறினாலும் பயிர் கூடுதலாகச் சில நாள் தாங்கும். உரச்செலவு குறையும். மண்புழு வரும். தக்கைப்பூண்டு, சணப்பு மடக்கி உழுவது, பயறு வகைகளை ஊடுபயிராக்குவது, தாளை எரிக்காமல் மட்கவைப்பது, கிடை போடுவது என்று எல்லாமே சொந்த லாபத்துக்குச் செய்ய வேண்டியவை.

பருவநிலைக்காகவும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள், சேர்ப்பதைவிட வெளியேறுவதைக் குறைப்பதில் கவனம் வைக்கலாம். மண்ணில் சேர்த்த கார்பன் திரும்பப் போகலாம். எரிக்காமல் விட்ட டீசல், எரிக்காமல் விட்டதுதான். எந்தப் புயலாலும் அதைத் திரும்ப எரிக்க முடியாது. டீசல் மோட்டாருக்குப் பதில் மானியத்தில் சூரியசக்தி மோட்டாருக்கு விண்ணப்பிக்கலாம். மண் பரிசோதனைப்படி மட்டும் யூரியா இடலாம். நெல் போடுபவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறைக்கு மாறினால், தண்ணீரும் மிச்சம், வயலில் உருவாகும் மீத்தேனும் பாதி அளவுக்குக் குறையும்.

காட்டையும் கரையையும் மண்ணையும் மீட்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் வேலை. நன்றாகச் செய்ய வேண்டும். இந்த வேலையைக் காட்டி, வேறொருவர் தன் உலையை இன்னும் நாற்பது வருடம் எரிக்க அனுமதி வாங்குவதுதான் கூடாது. முகவர் அடுத்த முறை வந்தால், விளாத்திகுளம் வாசகர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். "இந்தக் கார்பனை வாங்குகிறவர் தன் புகையை எவ்வளவு குறைத்திருக்கிறார்?" அதற்குப் பதில் இல்லாவிட்டால், பேனாவை எடுக்க வேண்டியதில்லை.